ஒரு ஆளால என்ன செய்ய ஏலும்?

குழு: கொக்குவில் வீடு

நேசன் சித்தப்பா, இரவு 7:48
பலமுறை பகிரப்பட்டது
"2022இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தது கொரோனாவால். ஜனாதிபதி கோட்டாபய ஒரு தனி மனிதர். அமைச்சரவை, பாராளுமன்றம், நீதிமன்றம் எல்லாம் இருக்கும்போது ஒரு ஆளால் ஒரு நாட்டைக் கெடுக்க முடியுமா? சிந்தித்துப் பகிரவும்."

துஷி, 7:51
சித்தப்பா, உது எங்கயிருந்து வந்தது 😄

நேசன் சித்தப்பா, 7:52
லண்டன் குறூப் ஒண்டில போட்டிருக்கினம். ஆனா கேட்டதில பிழை இல்லைத்தானே?

சிவம் மாமா, 7:58
கேள்வி சரி நேசன். அதுக்குள்ள ஒளிச்சிருக்கிற பதில்தான் பிழை. மற்றதை விடுவம், பசளையை மட்டும் எடுத்துப் பாருங்கோ.

கோட்டான்ர தேர்தல் விஞ்ஞாபனத்தில சேதனப் பசளைக்கு (இயற்கை உரம்) மாற 10 வருசம் எண்டு இருந்தது. 2021 ஏப்ரல் கடைசியில அமைச்சரவை முடிவு. மே 6 இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து வர்த்தமானி. 10 வருசம் ஒரே நாளாச் சுருங்கிப் போச்சு.

நேசன் சித்தப்பா, 8:00
அந்த வர்த்தமானி ஜனாதிபதியின்ர இல்லையே. நிதி அமைச்சர் போட்டது.

கஜன், 8:01
ஓம் சித்தப்பா, 1969 இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குக் கீழ போட்டது. அந்தச் சட்டத்தில ஒழுங்குவிதி வெளியான உடனயே நடைமுறைக்கு வந்திடும், பாராளுமன்றத்துக்குப் பிறகு கொண்டுபோனால் காணும். நிதி அமைச்சர் அப்ப மகிந்த. தம்பி கோட்டா சொல்ல அண்ணன் போட்டார். கொள்கை ஆற்றயது எண்டதில ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை, கோட்டாவே ஒவ்வொரு மேடையிலயும் அது தன்ர எண்டு சொன்னவர்.

சிவம் மாமா, 8:09
இப்ப கணக்கைப் பாருங்கோ. வரண்ட வலயத்தில நீர்ப்பாசன நெல்லுக்கு விவசாயத் திணைக்களச் சிபாரிசு, ஹெக்டயருக்கு யூரியா 225 கிலோ, ரிஎஸ்பி (பொஸ்பரசுக்கு) 55, எம்ஓபி (பொட்டாசியத்துக்கு) 60. எங்கட ஏக்கர்க் கணக்கில யூரியா 90 கிலோ மட்டில வரும். ரெண்டு அந்தருக்குக் (ஒரு அந்தர் 50 கிலோ) கொஞ்சம் குறைய. அதை ஒரேயடியாக் கொட்டுறேல்லை, ஏழாம் கிழமைக்குள்ள மூண்டு நாலு தரமாப் பிரிச்சு எறியிறது.

யூரியாவில நைதரசன் 46 வீதம். அப்ப ஹெக்டயருக்கு 103 கிலோ நைதரசன் வேணும். நல்ல கூட்டெருவில 1.5 வீதம் இருந்தாலே பெரிய விசயம். 103 கிலோவை அதில எடுக்க 7 தொன் கூட்டெரு வேணும். காலபோகத்தில (ஒக்டோபர் மட்டில விதைக்கிற பெரிய போகம்) நாடு முழுக்க ஏழரை லட்சம் ஹெக்டயர் மட்டில விதைப்பு. பெருக்கிப் பாருங்கோ, 50 லட்சம் தொன்னுக்கு மேல. அதுவும் ஒரு போகத்துக்கு, நெல்லுக்கு மட்டும். தேயிலை, மரக்கறி, வெங்காயம் இதுக்குள்ள இல்லை.

சிவம் மாமா, 8:11
இன்னொண்டு. கூட்டெருவில இருக்கிற நைதரசன் முழுக்க அந்தப் போகத்திலயே பயிருக்குக் கிடைக்காது. மண்ணில இருக்கிற நுண்ணுயிர் அதை உடைச்சு விடவேணும், அதுக்கு மாசக்கணக்கு எடுக்கும். மூண்டரை மாச நெல்லு அதுமட்டும் பார்த்துக்கொண்டு நிக்குமே? மட்டம் வெடிக்கிற (பக்கக் கிளை விடுற) நேரம் பசிச்சால் கதிர் குறையும். குடலைப் பருவத்தில (கதிர் உள்ளுக்க உருவாகேக்க) பசிச்சால் மணி குறையும். பிறகு கொண்டுவந்து கொட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

துஷி, 8:13
அப்ப ஏன் மாமா உடன தெரியேல்லை? 2021 நடுவில சாமான் தட்டுப்பாடு அவ்வளவு இல்லைத்தானே

சிவம் மாமா, 8:16
அதுதான் இதில மோசமான பகுதி. அந்த வருசச் சிறுபோகத்துக்கு (வருச நடுவில வாற சின்னப் போகம்) பழைய பசளை இருப்புக் கிடந்தது. விளைச்சல் வழமை மாதிரி. "பார்த்தீங்களே, ஒண்டும் நடக்கேல்லை" எண்டு சொல்ல ஆறு மாசம் கிடைச்சுது. ஒக்டோபரில விதைச்ச பிறகுதான் வயல் மஞ்சளிக்கத் தொடங்கினது. நவம்பர் 24 தடையை எடுத்தினம். அதுக்குள்ள முதலாவது எறியிற நேரம் போயிட்டுது. கப்பல் வர இன்னும் கிழமைக்கணக்கு. உலகச் சந்தையிலயும் யூரியா விலை அந்த வருசம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிட்டுது. மானியம் இல்லை, டொலரும் இல்லை.

2020/21 காலபோக நெல்லு 30 லட்சம் தொன் மட்டில. அடுத்த காலபோகம் 19 லட்சம். தேயிலை 2021இல 30 கோடி கிலோ, 2022இல 25 கோடி.

ரஜனி அக்கா, 8:18
மிச்சம் பிடிக்க நினைச்சது வருசத்துக்கு 400 மில்லியன் டொலர் எண்டு அரசாங்கமே சொன்னது. கடைசியில வெளியில இருந்து அரிசி வாங்கினது, தேயிலை ஏற்றுமதியில போனது, கமக்காரருக்கு நட்டஈடு 40,000 மில்லியன் ரூபா. மிச்சம் பிடிச்சதை விடப் போனது கூட.

கஜன், 8:20
மாமா, நனோ யூரியாக் கதையையும் சொல்லுங்கோ.

சிவம் மாமா, 8:26
😀 ஒக்டோபரில இந்தியாவில இருந்து பிளேனில இறக்கினவை. 500 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒண்டு, 50 கிலோ மூட்டைக்குச் சமன் எண்டு.

கஜன், 8:27
45 கிலோ மாமா. இந்தியாவில யூரியா மூட்டை 45.

சிவம் மாமா, 8:30
சரி, 45. அப்ப லேபலில நைதரசன் 4 வீதம் எண்டு இருந்தது. அரை லீற்றரில 20 கிராம். 45 கிலோ யூரியாவில 20 கிலோவுக்கு மேல. ஆயிரத்தில ஒரு பங்கு. இலையால கொஞ்சம் உறிஞ்சும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா 20 கிலோ வேலையை 20 கிராமால செய்விக்கிற வித்தை ஒருத்தரிட்டயும் இல்லை.

சீனக் கப்பல் இன்னொண்டு. ஹிப்போ ஸ்பிரிட், 20,000 தொன் சேதனப் பசளையோட. மாதிரியில எர்வினியா பக்ரீறியா இருக்கெண்டு எங்கட தாவரத் தனிமைப்படுத்தல் பகுதி சொல்லிப்போட்டுது. கரட், கிழங்கை அழுகப் பண்ணுற சாமான். இறக்க விடேல்லை. மக்கள் வங்கி காசு விடேல்லை எண்டு சீனத் தூதரகம் வங்கியைக் கறுப்புப் பட்டியலில போட்டுது. 2022 ஜனவரியில 6.7 மில்லியன் டொலர் கட்டினது. சாமான் வரேல்லை, காசு போச்சு.

நேசன் சித்தப்பா, 8:34
பசளை சரி, விளங்குது. ஆனா கடன் கோட்டா வாங்கினதில்லை. சர்வதேச முறியெல்லாம் (டொலர்க் கடன் பத்திரம்) 2007இல இருந்து எல்லா அரசாங்கமும் வித்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டு, பிறகு கொரோனா. சுற்றுலாக் காசு எங்க போனது?

ரஜனி அக்கா, 8:41
அதெல்லாம் உண்மை சித்தப்பா. 2018இல சுற்றுலா 4.4 பில்லியன் டொலர், 2020இல 1 பில்லியனும் இல்லை. ஆரா இருந்தாலும் அடி விழுந்திருக்கும். ஆனா கொரோனா வர முதலே, 2019 டிசம்பர் 1ஆம் திகதி, அடியைத் தாங்கவெண்டு இருந்ததைக் கழட்டி எறிஞ்சாச்சு.

வற் (பெறுமதி சேர் வரி) 15 வீதத்தில இருந்து 8. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி பூச்சியம். அடுத்த மாசத்தோட சம்பளத்தில பிடிக்கிற வரியும் போச்சு. இதுகளை எல்லாரும் கதைக்கினம். ஒருத்தரும் கதைக்காத ஒண்டு இருக்கு: வற் பதிவு எல்லை. முந்தி வருசத்துக்கு 12 மில்லியன் ரூபா வியாபாரம் இருந்தால் பதியவேணும். அதை 300 மில்லியன் ஆக்கினவை. 25 மடங்கு. வீதத்தைக் குறைச்சால் நாளைக்குக் கூட்டலாம். பதிவில இருந்து ஆக்களையே வெளிய விட்டால் திரும்பப் பிடிக்க வருசங்கள் எடுக்கும். அவையின்ர கணக்கே திணைக்களத்தில இல்லையே.

வரி வருமானம் 2019இல மொத்த உற்பத்தியில 11.6 வீதம். 2020இல 8.1.

துஷி, 8:43
அக்கா, வரி ரூபாவிலதானே. அதுக்கும் டொலர் இல்லாமப் போனதுக்கும் என்ன தொடர்பு?

ரஜனி அக்கா, 8:52
நல்ல கேள்வி. ஒவ்வொரு படியாச் சொல்லுறன்.

வருமானம் விழுந்த உடன கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் 2020 முடிய முதல் எங்களை அடி மட்டத்துக்கு இறக்கிச்சினம். அந்தத் தரத்தில புது முறி விக்க ஏலாது. முந்தியெல்லாம் பழைய முறி முதிரேக்க புது முறி வித்துத்தான் கட்டினது. அந்தக் கதவு பூட்டுப்பட்டால் கையிருப்பில இருந்துதான் கட்டவேணும். வருசம் 4 பில்லியன் மட்டில.

கையிருப்பு: 2019 கடைசியில 7.6 பில்லியன். 2020 கடைசியில 5.7. 2021 கடைசியில 3.1. இதில சீன மத்திய வங்கியோட செய்த 1.5 பில்லியன் பெறுமதியான யுவான் மாற்று ஒப்பந்தமும் இருக்கு. மூண்டு மாச இறக்குமதிக்குக் காணக் கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் எண்டு நிபந்தனை. காசு தேவைப்படுற நேரம் பாவிக்க ஏலாத காசு. இப்பிடிக் கிடக்க, 2022 ஜனவரி 18 ஒரு முறிக்கு 500 மில்லியனை முழுசாக் கட்டினவை. காஸ் கப்பலுக்குக் காசில்லாமக் கிடந்த நேரம்.

மற்றப் பக்கம், வரி வராத பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி காசு அடிச்சது. ரூபா கூடினால் சாமான் வாங்கிற ஆசை கூடும், டொலருக்கு இழுபறி கூடும். ஆனா டொலரை 203 ரூபாவில கட்டி வைச்சிருந்தினம், 2022 மார்ச் 7 மட்டும்.

நேசன் சித்தப்பா, 8:54
உண்டியல்! வங்கிக்கு வெளியால காசு அனுப்பிறது.

ரஜனி அக்கா, 8:57
அதேதான். வங்கி 203 குடுக்க உண்டியல்காரர் 240 குடுத்தால் சுவிசில இருக்கிறவர் ஏன் வங்கிக்குப் போறார்? வெளிநாட்டில இருந்து வங்கி வழியா வந்த காசு 2020இல 7.1 பில்லியன், 2021இல 5.5, 2022இல 3.8. சனம் அனுப்பிறதை நிப்பாட்டேல்லை. காசு வங்கிக்குள்ள வரேல்லை, அவ்வளவுதான்.

2022 ஏப்ரல் 12 கடன் கட்ட ஏலாதெண்டு அறிவிப்பு. ஐஎம்எப்பிட்ட (சர்வதேச நாணய நிதியம்) ஒரு வருசம் முந்திப் போயிருந்தால் ஒரு 4 பில்லியன் கையில இருக்கேக்க பேசியிருக்கலாம். வெறுங்கையோட போனது வேற பேச்சு.

துஷி, 9:01
கஜன் அண்ணா, இவ்வளவும் நடக்க ஒருத்தரும் நிப்பாட்ட ஏலாதே?

கஜன், 9:10
பிரேக் இருந்தது, 2020 ஒக்டோபரில கழட்டினவை. அரசியலமைப்பின்ர 20ஆம் திருத்தம், 156 வாக்கு. 19ஆம் திருத்தத்தில நியமனங்களுக்கு ஒப்புதல் குடுக்க இருந்த அரசியலமைப்புப் பேரவை போய்ப் பாராளுமன்றப் பேரவை வந்தது. 2022இல 21ஆம் திருத்தம் வரும்மட்டும் அது அபிப்பிராயம் மட்டும் சொன்னது, ஜனாதிபதி கேக்கவும் தேவையிருக்கேல்லை. நீதியரசர், சட்டமா அதிபர், ஆணைக்குழுக்கள் நியமிக்கிறதெல்லாம் அவர் விருப்பமா இருந்தது. பாராளுமன்றத்தை நாலரை வருசத்துக்குப் பதிலா ரெண்டரை வருசத்தில கலைக்கலாம். இரட்டைப் பிரஜையும் எம்பி ஆகலாம் எண்டு அப்ப இருந்தது, அந்த வழியால 2021 ஜூலையில கோட்டான்ர தம்பி பசில் நிதி அமைச்சரா வந்தவர்.

அதுக்கு முந்தியே 2020 மார்ச்சில இருந்து ஓகஸ்ட் மட்டும் பாராளுமன்றமே இல்லை. கலைச்சது கலைச்சதுதான், கொரோனா வந்தும் திரும்பக் கூட்டேல்லை. அரசியலமைப்பின்ர 150(3) உறுப்புரையைக் காட்டித் திரட்டு நிதியத்தில (அரசாங்கக் கஜானா) இருந்து காசு எடுத்தது.

கஜன், 9:14
அதே மார்ச்சில, ஊரடங்குக்குள்ள, மிருசுவில் வழக்கில மரண தண்டனை விழுந்த இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்காவுக்கு ஜனாதிபதியின்ர பொதுமன்னிப்பு. 2000 டிசம்பரில எட்டுப் பேரைக் கொலை செய்து புதைச்ச வழக்கு, சின்னப் பிள்ளையளும் அதில. விசாரிச்சுத் தீர்ப்பு வர 2015. உயர் நீதிமன்றம் 2019இல உறுதிப்படுத்தினது. அவ்வளவும் ஒரு கையெழுத்தில போச்சு. 34ஆம் உறுப்புரைப்படி மரண தண்டனையெண்டால் வழக்கை விசாரிச்ச நீதிபதியின்ர அறிக்கை எடுக்கவேணும், சட்டமா அதிபரின்ர ஆலோசனை எடுக்கவேணும், பிறகு நீதி அமைச்சரின்ர சிபாரிசு. 2021இல கொலை வழக்கில மரண தண்டனை விழுந்த முன்னாள் எம்பி துமிந்த சில்வாவுக்குக் குடுத்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில ரத்துச் செய்தது. அப்ப மன்னிப்புக்கும் எல்லை இருக்கெண்டு தெரிஞ்சுது.

துஷி, 9:16
பதவியில இருந்து எடுக்க ஏலாதே?

கஜன், 9:22
38ஆம் உறுப்புரை. 225 பேரில 150 பேர் கையெழுத்து வைக்கவேணும். 113 பேர் எண்டால் சபாநாயகரும் ஒத்துக்கொள்ளவேணும். பிறகு 150 வாக்கு. பிறகு உயர் நீதிமன்ற விசாரணை. குற்றவாளி எண்டு வந்தால் திரும்பவும் 150 வாக்கு. 20க்குக் கை தூக்கின அதே 156 பேருக்குள்ள இருந்து இதுக்கு ஆள் பிடிக்கவேணும். 2022 மே 17 கோட்டாவில அதிருப்தி எண்டு விவாதிக்கவாவது விடுங்கோ எண்டு கேட்டதுக்கு ஆதரவு 68, எதிர் 119. பெற்றோல் கியூவில சனம் செத்துக்கொண்டிருந்த நேரம். கடைசியில சட்டப் புத்தகத்தில இல்லாத வழியாலதான் போனார், ஜூலை 13 மாலைதீவு, 14 சிங்கப்பூரில இருந்து ஈமெயிலில ராஜினாமா.

நேசன் சித்தப்பா, 9:25
பிறகு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதெல்லே?

கஜன், 9:29
2023 நவம்பர் 14. அஞ்சு நீதியரசரில நாலு பேர். கோட்டா, மகிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநரா இருந்த கப்ரால், இன்னும் சில அதிகாரிகள் பொது நம்பிக்கையை மீறிச்சினம் எண்டு. சிறை இல்லை. சனத்துக்கு நட்டஈடு இல்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவு 150,000 ரூபா.

சிவம் மாமா, 9:33
2022இல இந்தியக் கடனில வந்த யூரியாவை அந்தர் 10,000 ரூபாவுக்கு வித்தவை. அந்த விலைக்கு 150,000 ரூபாவுக்கு 15 அந்தர். எட்டு ஏக்கருக்குக் காணும்.