துருவப் பகுதிப் படிப்பு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். என் மகள் புவியியலில் ஆனர்ஸ் முடிக்கப் போகிறாள். அடுத்து துருவப் பகுதிச் சுற்றுச்சூழலில், அதிலும் உறைமண் (ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலம்) உருகுவது பற்றி, முதுகலை படிக்க ஆசை. பனிமழையே பார்க்காத பிள்ளை. ஃப்ரீசர் ஐஸ்கட்டியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

கேப்டவுனில் இருந்து அகல்ஹாஸ் 2 கப்பல் மரியன் தீவுக்கும் அண்டார்டிகாவுக்கும் போகிறதே, அதில் ஆய்வு மாணவர்கள் இடம் பிடிப்பது எப்படி? கேம்பிரிட்ஜில் ஸ்காட் துருவ ஆய்வு நிலையம் இருக்கிறது, சரி, ஆனால் ராண்டை பவுண்டாக மாற்றிப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. வடக்கே நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் படித்தவர்கள் யாராவது உண்டா? அப்புறம், வழிகாட்டிப் பேராசிரியருக்கு முதல் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

அண்ணன்மார், அக்காமார் யாருக்குத் தெரிந்தாலும் இங்கேயே எழுதுங்கள். தினமும் ராத்திரி அவளோடு உட்கார்ந்து படிப்பேன்.