பொருள்: ‘லோ கீ’ ஒளியமைப்பு – ‘குறையொளி’ வேண்டாமே, ‘நிழல்தூக்கல்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழு தயாரிக்கும் திரைக்கலைச் சொற்பட்டியலில், நிழல் மேலோங்கும் ஒளியமைப்பான ‘லோ கீ லைட்டிங்’ என்பதற்கு நேராகக் ‘குறையொளி’ என்று எழுதி, பலரும் சரி என்று சொல்லிவிட்டதைப் பார்த்தேன். பட்டியலை முடிக்கும் முன் இந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி எடுத்துப் பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படிக்கிற மாணவரை அது தவறான இடத்துக்குக் கூட்டிப் போய்விடும்.

> குறைந்த வெளிச்சத்தில் எடுப்பதுதானே? குறையொளி என்றால் யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் ஒரு கீ லைட், அதாவது முதன்மை விளக்கு. மூக்கின் நிழல் இடக்கன்னத்தில் விழுகிறது. அந்த நிழலை இளக்க எதிர்ப்பக்கம் ஃபில் லைட் என்ற நிரப்பு விளக்கு வைப்பார்கள். நம் ஊர்ப் படப்பிடிப்பில் பல நேரம் ஒரு தெர்மோகோல் அட்டையைப் பிடித்தாலே போதும். ஒளி பட்ட பக்கம் நிழல் பக்கத்தைவிட 2 மடங்கு வெளிச்சமாக இருந்தால் நிழல் மென்மையாக இருக்கும், முகம் முழுதும் தெரியும். அதுவே 8 மடங்காக, அதாவது கேமரா கணக்கில் 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வித்தியாசமாகப் போனால், இடது கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இந்த இரண்டாவதைத்தான் லோ கீ என்கிறோம். கீ லைட்டை யாரும் குறைக்கவில்லை. ஃபில்லைத்தான் குறைத்தார்கள், அல்லது கட்டர் என்ற மறைப்புப் பலகை போட்டு மறைத்தார்கள்.

ஆக, இது அளவைச் சொல்லும் சொல் அல்ல, விகிதத்தைச் சொல்லும் சொல். இந்த முறை பேர்பெற்ற 1940களின் ஹாலிவுட்டில் பிலிமின் உணர்திறன் இன்றைய கேமராக்களுக்குப் பக்கத்தில்கூட வராது. திரையில் இருட்டாகத் தெரிகிற காட்சிக்கும் செட்டில் கணிசமான வெளிச்சம் வேண்டியிருந்தது. 1944இல் வந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் காப்பீட்டு முகவர் முதல்முறை ஒரு வாடிக்கையாளர் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைகிற காட்சியைப் பாருங்கள். வெளியே கலிஃபோர்னியாவின் பட்டப்பகல். ஜன்னலின் பலகைத் திரை வழியே வெயில் பட்டை பட்டையாக உள்ளே விழுகிறது. காற்றில் மிதக்கும் தூசி தெரிகிறது. அவர் சட்டையிலும் சுவரிலும் கம்பிக் கம்பியாக நிழல். சிறைக் கம்பி என்று யாரும் சொல்வதில்லை, நமக்குத் தோன்றிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அந்த அறையில் வெயிலைக் குறைக்கவில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இதமான வெளிச்சத்தைத்தான் எடுத்துவிட்டார். இதைப் போய்க் குறையொளி என்று எப்படிச் சொல்வது?

> அப்படியானால் மங்கொளி, அல்லது இருளொளி?

மங்கல் என்றால் எல்லாமே சேர்ந்து மங்குவது. மழை மூட்டமான மாலை மங்கலாக இருக்கும். அதில் விளிம்பு கூர்மையான நிழலே இருக்காது. லோ கீ காட்சிக்கு நேர் எதிர் அது. ‘இருளொளி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கவிதைச் சொல். தேர்வுத்தாளில் அதற்கு விளக்கம் எழுதச் சொன்னால் மாணவர் எதை எழுதுவார்?

கீ என்பதைச் சுருதி என்று கொண்டு ‘கீழ்ச்சுருதி ஒளி’ எனலாம் என்று குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போன உழைப்பு அதில் தெரிகிறது. ஆனால் தமிழில் சுருதி காதோடு நின்றுவிட்ட சொல். ஒளியோடு சேர்த்தால் வாசகர் பின்னணி இசையைப் பற்றிய பேச்சு என்று நினைக்க இடமுண்டு. திரைக்கலையில் இசைக்கும் தனிப் பட்டியல் போடுகிறோம் என்பதால் இந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம்.

சொல்லில் நிழல் இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பாணியின் பாட்டனான 1920ஆம் ஆண்டு ஜெர்மானியப் படம் ‘டாக்டர் காலிகரியின் பெட்டி’யில் சுவரிலும் தரையிலும் நிழலைப் பெயிண்டால் வரைந்தே வைத்தார்கள். விளக்குக்கு முன்பே நிழல் வந்துவிட்டது! பிறகு அங்கிருந்து ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் போன்றோர் ஹாலிவுட் போனார்கள். அங்கே அவர்களும் மற்றவர்களும் எடுத்த குற்றப் படங்களைப் போருக்குப் பின் பாரிஸில் பார்த்த விமர்சகர் நினோ ஃபிராங்க், 1946இல் ‘கறுப்புப் படம்’ என்ற பொருளில் ‘ஃபிலிம் நுவார்’ என்று எழுதினார். கதைக்கும் பாத்திரங்களுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான். ஆனாலும் இன்று நுவார் என்றதும் நம் நினைவுக்கு வருவது அந்த நிழல்தான்.

மனநிலையை இது எப்படி உண்டாக்குகிறது என்பதும் விளக்கக் குறிப்பில் வர வேண்டும். நிழல் நமக்குத் தகவலைத் தர மறுக்கிறது. ‘காட்ஃபாதர்’ (1972) தொடக்கத்தில், அடைத்த ஜன்னல்கள் கொண்ட அறையில் மாஃபியா தலைவர் டான் கார்லியோனி உட்கார்ந்திருக்கிறார். ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டதால் புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடுகிறது. எதிரே நின்று கெஞ்சுகிறவர் என்ன பதில் வரும் என்று அந்த முகத்தைத் துழாவுகிறார். நாமும் கூடவே துழாவுகிறோம். வெட்டினால் வெளியே கல்யாண விருந்து. வெயில், பாட்டு, எல்லா முகமும் பளிச்சென்று. இரண்டு காட்சிக்கும் ஒரே வீடு, ஒரே நாள். எந்தத் தொழில் உள்ளே நடக்கிறது, எந்தக் குடும்பம் வெளியே ஆடுகிறது என்பதை வசனத்துக்கு முன்பே விளக்கு சொல்லிவிடுகிறது. லோ கீ, அதற்கு எதிராக எங்கும் வெளிச்சம் பரவிய ஹை கீ இரண்டையும் பாடம் நடத்த இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

தமிழில் எடுத்துக்காட்டு கேட்டிருந்தீர்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) போதும். பாடலே இல்லாத படம், ஒரு கொலை, ஆளுக்கொரு சந்தேகம். மாருதி ராவின் ஒளிப்பதிவு நிழலை நம்பி நிற்கிறது. அப்புறம் பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த ‘நாயகன்’ (1987). ‘படம் ஒரே இருட்டு’ என்ற புகாரை அந்தக் காலத்தில் கேட்டவர்கள் இந்தக் குழுவிலும் இருப்பீர்கள். குறையொளி என்று நாம் எழுதினால் அந்தப் புகாரையே கலைச்சொல்லாக்கி அச்சேற்றியது போல் ஆகிவிடும்.

என் பரிந்துரை: நிழல்தூக்கல். ஹை கீக்கு ஒளிதூக்கல்.

குழம்பில் காரம் தூக்கல் என்கிறோம். எத்தனை மிளகாய் போட்டார்கள் என்பது அங்கே பேச்சில்லை. மற்றவற்றைவிட அது முன்னே நிற்கிறது என்பதுதான் பொருள். விகிதத்தைச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிற சொல் இது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘நிழல்தூக்கலான காட்சி’, ‘இங்கே இன்னும் கொஞ்சம் நிழல்தூக்கலாக வேண்டும்’ என்று வாக்கியத்திலும் தடங்கலில்லாமல் உட்காருகிறது.

வரக்கூடிய மறுப்புகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பேச்சு வழக்கு, நூலுக்கு ஆகாது என்பீர்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற சொற்கள் நிலைத்தது அவை எல்லோர் வாயிலும் நுழைந்ததால்தான். வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. படப்பிடிப்பில் ‘லைட்டைத் தூக்கு’ என்றால் உயர்த்து என்று பொருள், குழப்பம் வரும் என்பீர்கள். அங்கே சொல்வது லைட். யாரும் ஒளியைத் தூக்கு என்பதில்லை. இலக்கணப்படி கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவதுபோல இது ‘நிழற்றூக்கல்’ ஆக வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். விதி சரிதான். ஆனால் அப்படி எழுதினால் நிழலும் தெரியாது, தூக்கலும் தெரியாது. இயல்பாகவே விட்டுவிடுவோம்.

இன்னொன்று: வரையறைக்குள் ‘திகில் படங்களில் பயன்படுவது’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடலாம். ‘மிட்சமர்’ (2019) என்ற திகில் படம் ஸ்வீடனின் கோடை வெயிலில், பூவும் வெள்ளை உடையுமாக, ஒளிதூக்கலிலேயே நம்மை நடுங்க வைக்கிறது. அந்த நடுக்கத்துக்குக் காரணமே நாம் வேறு ஒளிக்குப் பழகியிருப்பதுதான். படத்தின் வகையைச் சொல்லும் வேலை பழக்கத்தால் வந்தது, ஒளியமைப்பின் இலக்கணம் அல்ல. நகைச்சுவைப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் ஒளிதூக்கலில் இருப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: ஒரே நேரத்தில் பல பேருடைய முகபாவம் தெரிய வேண்டும், நடிகர் எங்கே நகர்ந்தாலும் விளக்கை மாற்றாமல் எடுக்க முடிய வேண்டும்.

வரைவு இப்படி இருக்கலாம்:

நிழல்தூக்கல் – முதன்மை ஒளிக்கும் நிரப்பொளிக்கும் இடையே வேறுபாட்டை மிகுதியாக வைத்து, சட்டகத்தில் நிழல் மேலோங்கும்படி செய்யும் ஒளியமைப்பு. மர்மம், அச்சம், தனிமை, நெருக்கம் போன்ற மனநிலைகளுக்குப் பயன்படும். குற்றப் படம், திகில் படம் ஆகியவற்றின் அடையாளமாகப் பார்வையாளர் பழகியிருப்பர். எதிர்ச்சொல்: ஒளிதூக்கல்.

ஃபில் லைட்டுக்கு நான் இங்கே ‘நிரப்பொளி’ போட்டிருக்கிறேன். பட்டியலில் ‘துணையொளி’ என்று இருக்கிறது. ஆளுக்குப் பின்னாலிருந்து வரும் பின்னொளியும் ஒரு துணைதான் என்பதால் எனக்கு நிரப்பொளியே பொருத்தமாகப் படுகிறது. அதையும் இதே இழையில் பேசி முடித்துவிட்டால் ஒளியமைப்புப் பகுதியை அச்சுக்கு அனுப்பலாம்.

அன்புடன்