மூன்று எல்லைகள் கூடும் இடத்தில் ஒரு வார இறுதி

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, ஆந்திரத்தின் குப்பம், நகரி ஆகிய எல்லையோர ஊர்களைச் சேர்ந்த தமிழர்களான நம் குழு உறுப்பினர்கள் மூவர், ஐரோப்பாவில் இருந்தபோது சென்ற வார இறுதிப் பயணங்களைப் பற்றி எழுதுகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை உறுப்பினர்:

ஜெர்மனியின் மேற்கு ஓரத்திலுள்ள ஆகன் நகரில் நான் முதுகலை படித்தபோது, நெதர்லாந்துக்குப் போவது எங்களுக்குப் பெரிய பயணமே அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் அடைத்திருக்கும் என்பதால், நகரப் பேருந்தில் ஏறி, எல்லைக்கு அப்பாலுள்ள ஃபால்ஸ் என்னும் சிற்றூருக்குச் சென்று அரிசியும் காய்கறியும் வாங்கி வருவோம். துணி எடுக்கவும் மருத்துவரைப் பார்க்கவும் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போய்ப் பழகிய எனக்கு இதில் வியப்பு ஏதும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை, குப்பத்துத் தம்பி ஒருவரும் மதுரைக்கார நண்பர் ஒருவரும் நானுமாக, ஃபால்ஸுக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் மூன்று நாட்டு எல்லைக்கல்லைப் பார்க்க நடந்தோம். ஐரோப்பிய நெதர்லாந்தின் மிக உயரமான இடம் அது. உயரம் 322 மீட்டர். நெல்லியாம்பதியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை மலை என்று சொல்ல வாய் வரவில்லை. கல்லைச் சுற்றி ஓரடி எடுத்து வைத்தால் நெதர்லாந்து, இன்னோரடியில் பெல்ஜியம், அடுத்ததில் ஜெர்மனி. எல்லோரும் செய்வதைப் போல நாங்களும் நாட்டுக்கு ஒருவராக நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அங்கே ஒரு காலத்தில் நான்காவதாக ஓர் ஆட்சிப் பகுதியும் இருந்தது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு எல்லை வரைந்தவர்கள், கெல்மிஸ் என்னும் ஊரின் துத்தநாகச் சுரங்கத்தை அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கும் நெதர்லாந்துக்கும் பிரித்துக் கொடுக்க முடியாமல், பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது கிணற்றை மட்டும் பொதுவில் விடுவதைப் போல, 1816-இல் சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் நிலத்தை யாருக்கும் முழு உரிமையில்லாத 'நடுநிலை மோரெஸ்நெட்' ஆக்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920-இல் அது பெல்ஜியத்தோடு சேர்ந்தது.

காட்டுப் பாதை வழியே இறங்கி அந்தக் கெல்மிஸுக்கே போனோம். பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நாங்கள் பேசுவது எந்த மொழி என்று ஜெர்மனில் கேட்டார். தமிழ்நாட்டின் மொழி என்று மதுரை நண்பர் சொல்லிவிட்டு, 'ஆனால் இவர்கள் இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள் அல்லர், ஒருவர் கேரளம், ஒருவர் ஆந்திரம்' என்று சிரித்தபடி சேர்த்தார். வழக்கமாக இந்த இடத்தில், 'அப்படியானால் உங்கள் குடும்பம் எப்போது அங்கே குடிபெயர்ந்தது?' என்றுதான் கேட்பார்கள். நம் ஊர்க்காரர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். முதியவர் அதைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் எந்த மொழியில், நிலப் பத்திரம் எந்த மொழியில், உடம்புக்கு முடியாவிட்டால் எந்தப் பக்கத்து மருத்துவமனைக்குப் போவீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்.

தமிழ் வழியில் படித்தேன், கிராம அலுவலகத்துத் தாள்கள் மலையாளத்தில் வரும், மருத்துவமனைக்குக் கோவை என்றேன். தமக்கு வரித்தாள் ஜெர்மனில் வந்துவிடும், பிரெஞ்சு பேசும் லியேஜ் நகர மருத்துவமனைக்குப் போனால் மட்டும் பிரெஞ்சில் வலியைச் சொல்ல வேண்டும் என்றார். பெல்ஜியத்தின் மூன்று ஆட்சிமொழிகளில் ஜெர்மனும் ஒன்று. ஆனால் அதைப் பேசுவோர் நாட்டின் கிழக்கு விளிம்பில் எண்பதாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவருடைய பாட்டி மோரெஸ்நெட்டில் பிறந்து, பெல்ஜியக் குடிமகளாகி, 1940-இல் ஹிட்லரின் ஜெர்மனிக்குள் இழுக்கப்பட்டு, போர் முடியும் தறுவாயில் மீண்டும் பெல்ஜியரானாராம். இத்தனைக்கும் அவர் வீடு மாறவில்லை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டமும் கொச்சி அரசிலிருந்து 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்கும், 1956-இல் கேரளத்துக்கும் வந்ததைச் சொன்னேன். அவர் தேதிகளைத் திருப்பிக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். மதுரை நண்பர் அதற்குள் இரண்டு பேருந்துகளைத் தவறவிட்ட கோபத்தில் இருந்தார்.

குப்பம் உறுப்பினர்:

அண்ணன் குறிப்பிடும் குப்பத்துத் தம்பி நான்தான். அவர் கெல்மிஸ் சுரங்க அருங்காட்சியகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எனக்கு அன்றைய நாளில் அதுதான் பெரிது. என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, மாநிலம் கடந்து வேலைக்குப் போன தலைமுறை அது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய தூளாலான சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன. காற்றடித்தால் வீட்டுக்குள் புழுதி வரும்.

கெல்மிஸில் தாது 1885-இலேயே தீர்ந்துவிட்டது. சுரங்கத்துக்காகப் போட்ட எல்லை மட்டும் அதன் பிறகும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தது என்பதைப் படித்தபோது, தங்கவயல் குடியிருப்புகளில் சுரங்கம் மூடிய பின்னும் தங்கிவிட்டவர்களை நினைத்தேன். துத்தநாகம் ஊறிய அந்த மண்ணில் மற்றச் செடிகள் தயங்கும். மஞ்சள் நிறத்தில் ஒரு வகை வயலட் மட்டும் தழைக்குமாம். அங்கிருந்த பெண்மணியிடம் என் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவர் தம் கொள்ளுத்தாத்தாவின் நுரையீரலைப் பற்றிச் சொன்னார். அதற்கு மேல் இருவருக்கும் ஜெர்மன் போதவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மீண்டும் தொடங்கியது. நாங்கள் திரும்பிய பேருந்திலும் காவலர்கள் ஏறினார்கள். பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். ஜெர்மன் வதிவிட அட்டை வைத்திருப்பவர், மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் பொது விசா ஏற்பாடு வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம் என்பதால், வார இறுதிப் பயணத்துக்குத் தனி விசா தேவைப்படாது.

நகரி உறுப்பினர்:

நான் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்கில் படித்தேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடியோடு நடந்து போகும் குடும்பம் எங்களுடையது. அந்தத் திருத்தணி 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குப் போனது என்று தெரிந்து வளர்ந்தவன். ஸ்ட்ராஸ்பர்கும் 1871-க்கும் 1945-க்கும் இடையே ஜெர்மனிக்கும் பிரான்சுக்குமாக நான்கு முறை கை மாறிய ஊர். 2017 முதல் அங்கிருந்து டிராம் ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்குப் போகிறது. நண்பர்களோடு எங்கள் வார இறுதிப் பயணம் பெரும்பாலும் அதுதான்: சோப்பு, பற்பசை, மலிவான ஷாம்பூ. பிரெஞ்சுக்காரர்களும் சிகரெட்டுக்காக அதே டிராமில் வருவார்கள் என்பதால் சனிக்கிழமை பிற்பகலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள்.