வளர்த்து வைத்த குருத்தெலும்பு: கிள்ளிப் பார்ப்பதா, படம் போதுமா?

தலவாக்கலை ரவி:
ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குருத்தெலும்பை முழங்காலில் வைக்கிறார்கள். சரி. அது பிடித்துக்கொண்டதா என்று பார்க்க மறுபடியும் மூட்டைத் துளைத்துத் துணுக்கு எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. வேர் விட்டதா என்று தேயிலைக் கன்றை யாராவது பிடுங்கிப் பார்ப்பார்களா? எம்ஆர்ஐயில் டி2 அளவீடு இருக்கிறது. திசுவில் நீரும் கொலாஜன் நாரும் இருக்கும் விதத்தை அது கீறல் இல்லாமலே காட்டும்.

பதுளை சுகந்தி:
ரவி அண்ணே, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். எங்கள் அப்பா தவறணையில், அதாவது தேயிலை நாற்றுப் பண்ணையில்தான் வேலை செய்தார். வெட்டி நட்ட துண்டில் இலை பச்சையாக நிற்கும், மொட்டுகூட விடும். பொலித்தீன் பையைக் கிழித்தால் அடியில் வெறும் கட்டி, ஒரு வேர் இருக்காது. அதனால்தான் சில பைகளைக் கிழித்துப் பார்ப்பார்கள்.

1994இல் சுவீடன் மருத்துவர்கள் 23 பேருக்கு அவரவர் செல்களையே வளர்த்து முழங்காலில் வைத்த முடிவை வெளியிட்டார்கள். துணுக்கு எடுத்துப் பார்த்ததில், தொடை எலும்பு முனையில் 15க்கு 11, முழங்கால் சில்லில் 7க்கு 1 மட்டுமே அசல் குருத்தெலும்பு போல இருந்தது. கிள்ளாமல் இது தெரிந்திருக்குமா?

மஸ்கெலியாக்காரன்:
எம்ஆர்ஐக்குக் கண்டிக்குப் பஸ் ஏறினால் எங்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலிப் பதிவு, போய்விடும். இரத்தப் பரிசோதனை போதாதா? சிறுநீரக மாற்றில், கொடுத்தவருடைய டிஎன்ஏவை இரத்தத்தில் தேடுகிறார்களே.

பதுளை சுகந்தி:
அது அடுத்தவர் உறுப்பு, அதனால் பிரித்தறியலாம். இங்கே செல்லும் நம்முடையதே. இன்சுலின் சுரக்கும் கணையத் தீவுகளை வைத்தால் இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் சி-பெப்டைடை இரத்தத்தில் அளக்கலாம். குருத்தெலும்பு தேய்ந்து வரும் பொருள்களும் இரத்தத்தில் உண்டுதான், ஆனால் எந்த மூட்டிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்காது.

படமும் ஏமாற்றும். செல்களில் இரும்பு நுண்துகள் ஏற்றி எம்ஆர்ஐயில் கரும்புள்ளியாகப் பின்தொடர்வார்கள். செல் செத்தால் விழுங்கு செல்கள் அந்த இரும்பை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடும். செத்தவர் பெயரில் பேர் விழுகிற மாதிரி!

தலவாக்கலை ரவி:
இரும்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டி2 அடையாளத்தைத் தேடுவதில்லை, திசுவையே பார்க்கிறது. நல்ல குருத்தெலும்பில் அடியிலிருந்து மேலே வர வர அந்த மதிப்பு கூடும். வெறும் நார்த்திசுவில் அந்த ஏற்றம் தெளிவாக இருக்காது. துணுக்கு, குத்திய இடத்தை மட்டும் சொல்லும். பக்கத்தில் கெட்டிருந்தால்? அப்புறம் இன்னொன்று, தவறணையில் ஆயிரக்கணக்கான பைகள், பத்தைக் கிழிக்கலாம். மனுசனுக்கு அந்த ஒரு ஒட்டுத்தான், தங்கச்சி.

பதுளை சுகந்தி:
ஏற்றம் இல்லையென்றால் நார்த்திசு என்று படத்தை வாசிக்க நம்பிக்கை வந்ததே துணுக்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தானே, அண்ணே? புதிதாக ஒரு திசு வந்தால் முதல் சிலரிடமாவது எடுத்தாக வேண்டும்.

தலவாக்கலை ரவி:
யார் அந்த முதல் சிலர்? முப்பது வருடம் கூடையோடு மலை ஏறி இறங்கிய எங்கள் அம்மாவின் முழங்காலை நான் கொடுக்கமாட்டேன்.

பதுளை சுகந்தி:
அம்மாவிடம் கேட்டீர்களா?