ரிக்ளைனரில் தூங்கினால் ஏஹெச்ஐ ஏறுகிறது, ஏன்?

சாய்வுநாற்காலி:
வணக்கம். தோளில் ஆபரேஷன் ஆகி கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நேராகப் படுத்தால் தோள் பின்னால் இழுத்து உயிர் போகிறது, அதனால் கட்டிலை விட்டுவிட்டு இப்போது ஹாலில் ரிக்ளைனரில்தான் தூக்கம். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் ஸ்லீப் அப்னியா எனக்கு உண்டு, அதற்காகப் பல வருடமாக, மாஸ்க் வழியாக அழுத்தமாகக் காற்று தரும் சிபாப் மெஷின் போடுகிறேன். ஆட்டோ வகை மெஷின், பிரஷர் 8 முதல் 14 வரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலில் படுத்தவரை ஏஹெச்ஐ, அதாவது மணிக்குச் சராசரியாக எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது அல்லது குறைகிறது என்ற எண், 2, 3 தாண்டாது. நாற்காலிக்கு மாறினதிலிருந்து சில நாள் 4 காட்டுகிறது, சில நாள் 12. தலையை உயர்த்திப் படுத்தால் மூச்சுத்தடை குறையும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? எனக்கு மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது?

இது போதாதென்று விடியற்காலையில் குழாயில் தண்ணீர் கட்டிக்கொண்டு கொடகொடவென்று சத்தம், மாஸ்க் நகர்ந்து கண்ணில் காற்றடிக்கிறது. பிரஷரை ஏற்றச் சொல்லிக் கேட்கவா, இல்லை கை சரியாகும்வரை மெஷினையே ஓரம் கட்டிவிடவா? ரிக்ளைனரில் தூங்குகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நடுநிசி:
ஓரம் கட்டுவது மட்டும் வேண்டாம் சார். அதுவும் இந்த நேரத்தில். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்குக் கொடுக்கும் மாத்திரையில் டிரமடால் மாதிரி ஓபியாய்டு வகை இருந்தால் அது மூச்சையே மந்தமாக்கும், அப்னியா உள்ளவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. பகலில் நாற்காலியில் கண்ணயர்ந்தாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்குங்கள். இருப்பது அந்த வகை மாத்திரைதானா என்று சீட்டைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அப்னியா இருப்பது ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியுமா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலையை உயர்த்தினால் நல்லது என்பது உண்மைதான். மல்லாக்கப் படுக்கும்போது நாக்கும் அண்ணத்தின் பின்பகுதியும் தங்கள் எடையாலேயே தொண்டைக்குள் சரிகின்றன, உடம்பைக் கொஞ்சம் சாய்வாக நிமிர்த்தினால் அந்தச் சரிவு குறைகிறது. ஆனால் கழுத்து நேராக நிற்கும்வரைதான் இந்தக் கணக்கெல்லாம். தூக்கம் ஆழமானதும் கழுத்துத் தசை தளர்ந்து முகவாய் நெஞ்சை நோக்கி இறங்கும். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை மடக்கிப் பிடித்த மாதிரி மூச்சுப்பாதை அங்கே குறுகிவிடும். மெஷின் பிரஷரை ஏற்றிக்கொண்டே போகும், 14ஐத் தொட்டும் தடை விலகாது, மாஸ்க்தான் லீக் ஆகும். கண்ணில் அடிக்கிற காற்று பெரும்பாலும் அதுதான். அதனால் பிரஷரை ஏற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் தலை எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

மெஷினில் எஸ்டி கார்டு இருந்தால் கழற்றி ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் போடுங்கள். காலையில் திரையில் தெரியும் எண் வெறும் சராசரி, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 7 மணி நேரத்தில் 84 தடை வந்தால் சராசரி 12. அதில் 70 இரண்டு மணி நேரத்துக்குள் கொத்தாக வந்திருந்தால், மிச்சம் 5 மணி நேரத்துக்கு வெறும் 14 தடைதான், மணிக்கு மூன்றுகூட இல்லை, அதாவது உங்கள் கட்டில் கணக்கேதான். அப்படிக் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் முகவாய் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். ஒன்று மட்டும் கவனம், கனவு வரும் தூக்கத்திலும் தடைகள் கொத்தாக வரும். அது சுமார் ஒன்றரை மணிக்கொரு தரம் திரும்பும், விடியலை நெருங்க நெருங்க நீளும். ஒழுங்கில்லாமல் திடீரென்று ஆரம்பித்து, நீங்கள் புரண்டதும் சட்டென்று நிற்கிற கொத்தைத் தேடுங்கள்.

குழாய்க்காரன்:
நான் கட்டிலை விட்டு வருடக்கணக்கில் ஆகிறது, எனக்கு முதுகுப் பிரச்சினை. நடுநிசி சொன்னதோடு சில வீட்டு வேலைகள்.

பெரும்பாலான ரிக்ளைனர்களில் தலை வைக்கும் மெத்தை முன்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும். டிவி பார்க்க வசதி, தூங்குவதற்கு வில்லன். அதன் மேல் இன்னொரு தலையணையும் வைத்தால் முகவாய் தானாகவே நெஞ்சில் இடிக்கும். தலையணையை எடுத்துவிட்டு, ஒரு சின்னத் துண்டை உருட்டிக் கழுத்து வளைவுக்குப் பின்னால் கொடுங்கள், தலைக்குப் பின்னால் அல்ல. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்க முடிந்தால் இறக்குங்கள், செங்குத்தாக உட்கார்ந்தால்தான் தலை முன்னால் தொங்கும். சிலர் பஞ்சு வைத்த மென்மையான கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் உங்களுக்குக் கையைத் தாங்கும் வாரும் கழுத்தில்தானே கிடக்கும். டாக்டரிடம் காட்டாமல் அதைப் போடாதீர்கள்.

மாஸ்க்கைக் கண்ணாடி முன் நின்று மாட்டாதீர்கள். நாற்காலியில் தூங்கும் கோணத்தில் சாய்ந்து, மெஷினை ஓடவிட்டு, அப்புறம் வாரைச் சரிசெய்யுங்கள். பின்மண்டை வார் மெத்தையில் உரசி மேலே ஏறுவதால்தான் மாஸ்க் ஒரு பக்கம் கோணுகிறது. குழாய் உச்சந்தலையில் மாட்டும் வகை மாஸ்க் இருந்தால் நாற்காலிக்கு அதுதான் தோது.

தண்ணீர் விஷயம். ஈரமான வெதுவெதுப்புக் காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் துளியாகிறது, அவ்வளவுதான். ஈரப்பத அளவை ஒரு படி குறைக்கலாம், சூடாகும் குழாய் என்றால் அதன் வெப்பத்தை ஏற்றலாம், இரண்டும் ஆகாவிட்டால் குழாய்க்குத் துணியுறை போடலாம். ஏசி காற்று நேராகக் குழாயில் அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஹாலில் இதுதான் நடக்கும். மெஷின் உங்கள் தலைமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், அப்போது தேங்கிய தண்ணீர் மூக்குக்கு வராமல் தொட்டிக்குத் திரும்பும். அதற்காகத் தரைவிரிப்பில் வைத்துவிடாதீர்கள், வடிகட்டி தூசியால் அடைத்துப்போகும்.

முக்கியமானது, குழாயை நாற்காலியின் முதுகுக்கு மேலாகக் கொண்டுவாருங்கள். கைப்பிடி ஓரமாக விட்டால் கால் பலகையைத் தூக்கும் இரும்பு மடிப்பில் சிக்கி நசுங்கும். குழாய் ஓட்டையான பிறகுதான் பல பேருக்கு இது தெரிகிறது.

வெண்குருதி:
எல்லோரும் கழுத்தையே பார்க்கிறீர்கள், காலையும் கொஞ்சம் பாருங்கள். ரிக்ளைனரில் காலைத் தொங்கவிட்டுத் தூங்கினால் வீங்கும். பலகையை முழுக்கத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், எழுந்திருக்கும்போதெல்லாம் கணுக்காலை ஆட்டுங்கள். ஆபரேஷன் ஆனவர், அதிகம் நடமாட்டமில்லை, ஆகவே ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசரப் பிரிவுக்கே போங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இவருக்குத் தோள் காரணம், சரி. எந்த ஆபரேஷனும் இல்லாமல், படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்பதற்காக ரிக்ளைனருக்கு மாறியிருந்தால், அது அப்னியா வேலை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இதய பலவீனத்துக்கும் அதுவே அறிகுறி.

சாய்வுநாற்காலி:
எல்லோருக்கும் நன்றி. கார்டைப் போட்டுப் பார்த்தேன். கொத்துதான், இரண்டு மணிக்கும் நான்குக்கும் நடுவில் அடர்த்தியாக, மற்ற நேரம் கிட்டத்தட்ட காலி. தலையணையை எடுத்துவிட்டுத் துண்டு வைத்துத் தூங்குகிறேன், இப்போது 5, 6 காட்டுகிறது. கண்ணில் காற்றடிப்பது குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. மாத்திரை பற்றி நாளை டாக்டரிடம் பேசுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: நாற்காலியில் இப்போது பிரஷர் பெரும்பாலும் 9க்குள் நிற்கிறது, அப்போ மேல் எல்லை 14ஐக் குறைத்துவிடலாமா?

நடுநிசி:
வேண்டாம், அப்படியே விடுங்கள். கை தேறிக் கட்டிலுக்குத் திரும்பி மல்லாக்கப் படுக்கும் முதல் ராத்திரியே அந்த 14 தேவைப்படலாம். தேவையில்லாத நாளில் ஆட்டோ மெஷின் தானாகவே கீழே நிற்கும். லீக் இன்னும் இருக்கிறது என்றீர்களே, வரைபடத்தில் அதையும் பாருங்கள். ரெஸ்மெட் மெஷின் என்றால் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குக் கீழே இருக்கும்வரை கவலை இல்லை. அதைத் தாண்டும் நேரமும் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள்ளேயே என்றால் துண்டை இன்னும் கொஞ்சம் தடிமனாக உருட்டுங்கள்.