60 நாள் கடன் கேட்கும் தேயிலைக் கம்பனியை எப்படி விசாரிப்பது?

கிராண்ட்பாஸ்_காட்போட்:
வணக்கம். அண்ணாவும் நானும் சின்னதாக ஒரு காட்போட் பெட்டி வேலைத்தளம் நடத்துகிறோம். புதிதாக ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனி 12 லட்சத்துக்குப் பெட்டி கேட்கிறது, காசு 60 நாள் கழித்துத்தான். முன்னணி நிறுவனம், 20 நாட்டுக்கு ஏற்றுமதி என்றெல்லாம் வலைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். அண்ணாவுக்கு அது போதும், எனக்குப் பயமாக இருக்கிறது. 6 பேரின் சம்பளம் இதில்தான். எங்கே விசாரிக்கலாம்?

வெள்ளவத்தை_கணக்காளர்:
தம்பி, அவர்கள் தங்களைப் பற்றி எழுதியதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பங்குச் சந்தைக் கம்பனி என்றால் ஆண்டறிக்கையை வீட்டிலிருந்தே படிக்கலாம், பதிவு இலக்கம் பிவி (PV) என்று தொடங்கும் தனியார் கம்பனிக்கு அந்த வசதி இல்லை. கொழும்பு டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் கட்டிக் கோப்பைப் பாருங்கள்: பணிப்பாளர்கள் யார், அண்மையில் மாறினார்களா, எந்த வங்கிக்கு எதை ஈடு வைத்திருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஈட்டைத்தான், ஏனென்றால் கம்பனி விழுந்தால் ஈடு வைத்திருக்கும் வங்கி எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. பதிவுச் சான்றிதழை மட்டும் காட்டினால் நம்பிவிடாதீர்கள். ஒருவரின் வங்கிக் கடன் விபரம் உள்ள கிரிப் (கடன் தகவல் பணியக) அறிக்கையை நீங்கள் எடுக்க முடியாது, ஆனால் அவர்கள் தங்களுடையதை எடுத்துக் காட்டலாம், கேளுங்கள்.

ஏலத்துப்_பக்கம்:
தேயிலை ஏற்றுமதியாளர் தேயிலைச் சபையில் பதிந்திருக்க வேண்டும். கொள்ளுப்பிட்டியிலுள்ள சபை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். பெட்டியில் இலங்கைத் தேயிலைக்கான சிங்க இலச்சினை போடச் சொல்கிறார்களா? அது சபைக்குச் சொந்தமானது, அனுமதி இல்லாமல் அச்சிட முடியாது, அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொழில் எப்படிப் போகிறது என்று அறிய, தேயிலைத் தரகர்கள் வாராவாரம் விடும் ஏல அறிக்கையைப் படியுங்கள். ஈராக்குக்கு அனுப்புகிறோம் என்று அவர்கள் சொன்னால், சபையின் ஏற்றுமதிக் கணக்கில் ஈராக் இப்போது எவ்வளவு வாங்குகிறது என்று பாருங்கள்.

புறக்கோட்டை_லேபல்:
நான் இப்படியே ஒரு கம்பனிக்கு லேபல் அடித்துக் கொடுத்து 4 லட்சம் போனது, இன்னும் வரவில்லை. அவர்களுக்கு முன்பு அடித்துக் கொடுத்தவரை ஒரு தடவை கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். உங்களிடம் கேட்கும் கம்பனியின் பழைய பெட்டி ஒன்றை வாங்கி அடி மடிப்பைப் பாருங்கள், பெட்டி செய்தவரின் பெயர் அங்கே சின்னதாக இருக்கலாம். அவருக்கு ஒரு கோல் எடுங்கள். ஏன் இப்போது அவரிடம் வாங்கவில்லை என்று கேளுங்கள்.

கிராண்ட்பாஸ்_காட்போட்:
எல்லோருக்கும் நன்றி. அனுப்பிய டிசைனில் சிங்கம் இருக்கிறது. இன்று காலை கடிதத்தைக் கேட்டேன், நாளைக்குத் தருகிறார்களாம். அது கைக்கு வரும்வரை காகிதம் ஓடர் பண்ணவில்லை, அண்ணாவும் சரி என்றுவிட்டார்.