முதல் வீடு: முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

தாழ்வாரம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 11 வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். இப்போதுதான் சொந்தமாக ஒன்று வாங்கும் நிலைக்கு நானும் கணவரும் வந்திருக்கிறோம். 18 வருடப் பழைய வீடு ஒன்று மனதுக்குப் பிடித்துவிட்டது. முன்னறையில் காலை வெயில் தரை முழுக்க விழுகிறது. என் மகள் அந்த வெயிலில் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

வீடு முழுக்கப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், வாசனைகூடப் போகவில்லை. 10 நாளில் முன்பணம் கேட்கிறார்கள். சேமிப்பு மொத்தத்தையும் போட்டு, மீதிக்கு 20 வருடக் கடன் வாங்குவதாக யோசனை. இரண்டு தடவை போய்ப் பார்த்தோம், இரண்டுமே நல்ல வெயில் நேரம். வேறு என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி:

சகோதரி, கட்டட வேலையில் எனக்கு 26 வருடம் ஆகிறது. நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது அந்தப் பெயின்ட் வாசனைதான். விற்கிற வீட்டைப் பளிச்சென்று வைப்பது எல்லோரும் செய்வது, தப்பாக நினைக்க வேண்டாம். ஆனால் சுவரில் ஓதம் இருந்தால் அடுத்த மழை வரைக்கும் புதுப் பெயின்ட் அதை மறைத்துவிடும். இதே மாதிரி வாங்கிய ஒரு குடும்பம் முதல் மழை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். அலமாரியை நகர்த்தினால், பின்னால் பூச்சு மாவு மாதிரி கையோடு வந்தது. அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சாயங்காலம் இருட்டினபிறகு டார்ச்சோடு போங்கள். சுவருக்கு நேரே அடிக்காதீர்கள், சுவரோடு ஒட்டிப் பிடித்து ஓரமாக அடியுங்கள். பூச்சு பொருமின இடமெல்லாம் நிழல் விழுந்து தெரியும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை நன்றாகப் பாருங்கள், நிலத்து ஈரம் ஏறுவது அங்கேதான். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் உள்ளே இருந்து வருகிறது. விரலை மடக்கித் தட்டுங்கள். பொக்கென்று கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது.

மயிரிழை விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும், பயப்படாதீர்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், ஒரு பக்கம் அகன்றுகொண்டே வருகிற விரிசல் வேறு. அது அஸ்திவாரம் இறங்குவதால்கூட வரும், பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள். அப்புறம், முடிந்தால் மழை பெய்யும்போதே ஒரு தடவை போங்கள்.

பற்றுவரவு:

நான் பணக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 8 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால், வாங்கியதைப் போல சுமார் 2 மடங்கு கட்டி முடிப்பீர்கள். முதல் மாதத் தவணையில் 100க்கு 80 வட்டிக்கே போய்விடும். 5 வருடம் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் எட்டில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். இதே கடனை 15 வருடத்தில் முடித்தால் தவணை 14 சதவீதம் கூடும், ஆனால் மொத்த வட்டியில் கால் பங்குக்கு மேல் மிச்சம். வட்டி மாறக்கூடிய கடனா என்றும் கேளுங்கள். 8 என்பது ஆரம்பத்திலேயே 10 ஆனால் தவணை 15 சதவீதம் ஏறும்.

சேமிப்பு மொத்தத்தையும் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டு விலை போக, பதிவுச் செலவு, வரி, வக்கீல் கட்டணம், சாமான் ஏற்றி இறக்குவது, குடிபோன மாதமே வருகிற ரிப்பேர் என்று எல்லாம் வரிசையாக வரும். இருவரில் ஒருவர் வருமானம் நின்றால்கூட 6 மாதத் தவணை கட்டுகிற அளவு பணத்தைத் தனியாக வையுங்கள். அதற்கு இடம் தராத வீடு உங்கள் சக்திக்கு மேற்பட்ட வீடு.

பத்திரத்தை உங்களுக்காக மட்டும் வேலை பார்க்கும் வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவர் பெயரில்தான் உரிமை இருக்கிறதா, அந்த வீட்டின் மேல் பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்று அவர் சொல்லும் வரை முன்பணம் வேண்டாம்.

தாழ்வாரம்:

அண்ணா, நேற்று மழை விட்டதும் டார்ச்சோடு போனோம். முன்னறை சுத்தமாக இருக்கிறது. பின்னறையில் கட்டிலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்கு இரண்டு கை அகலம் பொருமியிருக்கிறது. தட்டினேன், நீங்கள் சொன்ன அதே சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. முன்பணத்துக்கு இன்னும் 3 வாரம் கேட்டோம், யோசித்துச் சரி என்றார்கள். இந்த ஒரு இடத்துக்காக வீட்டையே விட்டுவிட வேண்டுமா?

கொத்துக்கரண்டி:

வேண்டாம், அவசரப்பட்டு விடாதீர்கள். அந்தப் பக்கம் குளியலறை என்றால் குழாய்க் கசிவாக இருக்கலாம், அது சரிசெய்யக்கூடியது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காலையில், யாரும் தண்ணீர் தொடுவதற்கு முன் திரும்பப் பாருங்கள். ஓடியிருந்தால் எங்கேயோ கசிகிறது. ஓடாவிட்டால் கழிவுக் குழாயையும் தரை ஓட்டு இடுக்கையும் திறமையான பிளம்பரிடம் காட்டுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு செலவை எழுதி வாங்கி, விலை பேசும்போது அதை முன்னால் வையுங்கள்.